அன்புக்குரிய பழைய காருக்கு வாரிசு எது?

மனிதன் உயிரற்ற பொருள்களிடத்தும் அன்பு பாராட்டும் இயல்பினன். பாட்டனார் எழுதிய பேனா, அன்னையார் அரைத்த அம்மி, தந்தையார் சாய்ந்திருந்த சாய்மனைக் கதிரை ஆகியவற்றுக்குச் சந்தையிலே பெரிய விலை கிடையாது. ஆயினும் அவற்றைவிட்டுப் பிரிய எவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. மேல்நாட்டார் பலர் இவ்வரிசையில் வைத்துப் போற்றும் பொருளொன்று உண்டு. இருவர் மாத்திரம் அமரக்கூடியதாய், மேற்கூரையை மடித்துவிட்டுக் காற்று முகத்தில் மோத ஓட்டத்தக்கதாய் அமைந்த சிறு மோட்டார் வண்டியே அது. 'ஸ்போர்ட்ஸ் கார்' என்று அதனை அழைப்பர்.

இளமையில் ஆசையோடு வாங்கிய இத்தகைய கார் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தபின் துருவேறித் தளர்ந்துவிடுகின்றது. அதற்குரியவருக்கும் வயது ஏறிவிடுகின்றது. அதனை விலக்கி வேறொன்றை வாங்க வேண்டிய நாள் வந்தே தீரும். அப்பொழுது எதனை வாங்குவது? அதே பெயரைத் தாங்கிய புதிய காரையா? அதனிலும் விரைவும் வசதியும் மிக்க காரையா? அன்றி, முன்பின் அறியாத வேறொன்றையா? கைப்பணமும் பழைய நினைவும் ஒருங்கே சம்பந்தப்பட்ட கேள்வியாதலால், இதனை வீண் கவலையென்று ஒதுக்கிவிடலாகாது. தனிமனிதர் மாத்திரமல்லர், பெயர்பெற்ற கொம்பனிகளும் இவ்விடத்திலே தடுமாறியுள்ளன. அவ்வரலாறுகள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

அபிங்டனிலே பிறந்த கார்

இங்கிலாந்திலுள்ள அபிங்டன் என்னும் ஊரிலே 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை எம்.ஜி.பி. என்ற கார் செய்யப்பட்டது. மூடிய கூரையுடைய வகையையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. 1.8 லீற்றர் எஞ்சின், ஏறத்தாழ 95 குதிரைவலு, 900 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை ஆகியவை அதன் இலக்கணம். மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டிப்பிடிக்கும் அக்காரைப் பந்தயக் குதிரை என்று சொல்வதற்கில்லை. இடைத்தர வருவாயுடையோரும் வாங்கக்கூடியதாயிருந்ததும், சாவிகள் சிலவற்றைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே பழுதுபார்க்கக் கூடியதாயிருந்ததுமே அதன் பெருமை.

குறைகளும் இல்லாமலில்லை. எண்ணெய் கசியும், மின்னிணைப்புகள் காலைவாரும், மழை வந்தால் கூரையின் ஓரத்தால் நீர் ஒழுகும். யாவற்றிலும் கொடியது துரு. இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகட்டுடலே பாரத்தைத் தாங்குகின்றது. ஆதலின், கதவின் கீழே நீளவாட்டில் ஓடும் தகடுகள் துருவால் அரிக்கப்பட்டால் காரின் முதுகெலும்பே முறிந்தது போலாகும். பிற்காலத்தில் அமெரிக்கச் சட்டங்களுக்கு இணங்குவதற்காக 1974 இல் அதன் முகத்திலே பெரிய கறுப்பு றப்பர் காப்பினைப் பொருத்தி, உடலையும் உயர்த்தினர். வளைவுகளில் அது முன்போல் நிலத்தைப் பற்றவில்லை என்று அன்பர்கள் வருந்தினர். 1980 இல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அதன்பின் எம்.ஜி.பி. வைத்திருந்தோர் யாவரும் ஏதோ ஒரு நாளில் வாரிசு தேட வேண்டியவராயினர்.

பெயரினால் வந்த வாரிசு

எம்.ஜி.பி. பிறந்த அதே 1962 இல், கொலின் சாப்மன் என்னும் பொறியியலாளர் நிறுவிய லோட்டஸ் கொம்பனி எலான் என்ற காரை வெளியிட்டது. உருக்கினாலான முதுகெலும்புச் சட்டத்தின்மேல் கண்ணாடியிழை உடலை வைத்துச் செய்யப்பட்ட அக்காரின் எடை 700 கிலோகிராமுக்கும் குறைவு. எடை குறைந்தால் சிறிய எஞ்சினே போதும். சிறிய பிறேக்கே போதும். வளைவிலே திரும்புவதும் எளிது. வகுப்பறையில் நியூட்டனின் விதிகளைக் கற்கும் மாணவர்க்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

அந்த இருக்கை இரண்டுடைய எலான் 1973 இல் நின்றுபோயிற்று. 1989 இல் அதே கொம்பனி, அதே பெயரைச் சூட்டிப் புதிய எலான் ஒன்றை வெளியிட்டது. ஜப்பானிய இசுசு கொம்பனியின் எஞ்சின் பூட்டப்பட்டு, முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார் அது. வீதியைப் பற்றி ஓடும் திறத்தில் அதனைப் புகழாதார் இல்லை. ஆனால் விலை அதிகம்; பின்சக்கரம் உந்த ஓடிய பழைய எலானின் சுவையோ அதில் இல்லை. 1992 இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பின்னர் ஒரு சிறு தொகை செய்யப்பட்டதன்மேல், அக்காரின் உரிமை கொரியாவின் கியா கொம்பனிக்குக் கைமாறியது. பெயர் மாத்திரம் வாரிசு உரிமையைத் தந்துவிடாது என்பதை இது காட்டுகின்றது.

திறமையினால் வந்த வாரிசு

ஜேர்மனியின் போர்ஷே கொம்பனி 1963 இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வைத்த கார் பின்னர் 911 எனப் பெயர் பெற்றது. காற்றினாற் குளிரூட்டப்படும் எஞ்சின் அதன் பின்புறத்தில் இருந்தது. பழைய அமைப்பான இது நெடுங்காலம் நிலைக்காது என்று கருதிய நிருவாகத்தினர் 1977 இல் 928 என்ற காரை வெளியிட்டனர். முன்புறத்தில் நீராற் குளிரூட்டப்படும் எட்டுச் சிலிண்டர் எஞ்சின். நீண்ட பயணத்திற்கேற்ற வசதி. 1978 ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருது. இவ்வளவும் அதற்கு இருந்தன. அறிவு கொண்டு அளந்தால் எல்லா வகையிலும் அது மேம்பட்ட கார்தான்.

ஆயினும் 911 இன் அன்பர்களது நெஞ்சு அதன்பாற் செல்லவில்லை. 1981 இல் தலைமைப் பதவியேற்ற பீற்றர் ஷூட்ஸ் என்பவர், பொறியியற்றுறைத் தலைவர் ஹெல்முத் பொட்டின் அறைச் சுவரிலே ஒரு வரைபடத்தைக் கண்டார். மற்றைய கார்களின் கோடுகள் தொடர்ந்து செல்ல, 911 இன் கோடு மாத்திரம் அந்த ஆண்டுடன் முடிந்திருந்தது. அவர் ஒரு பேனையை எடுத்து, அக்கோட்டினை வரைபடத்தையும் தாண்டிச் சுவரின்மீது நீட்டினார் என்று கூறுவர். 928 என்னும் கார் 1995 இல் நின்றுபோக, 911 இன்றும் செய்யப்படுகின்றது. 1997 இல் வெளிவந்த புதிய 911 இல் காற்றுக் குளிரூட்டலைக் கைவிட்டு நீரை ஏற்றபோது முணுமுணுப்பு எழுந்ததாயினும், பின்புற எஞ்சினும் பழைய சாயலும் மாறாமையால் அக்குலம் அழியவில்லை. எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்று அறிவதே இங்கு முக்கியமாகும்.

பண்பினால் வந்த வாரிசு

இனி மூன்றாவது வரலாறு. 1979 இல் பொப் ஹோல் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், ஜப்பானின் மஸ்டா கொம்பனியைச் சேர்ந்த கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய ஆங்கிலக் கார்கள் போன்ற எளிய, இலேசான, கூரை மடிக்கும் கார் ஒன்றை இன்று எவரும் செய்யவில்லையே என்று எடுத்துரைத்தார். அவ்விதை பத்தாண்டுகள் கழித்துக் கனிந்தது. 1989 பெப்ருவரியில் சிக்காகோ கண்காட்சியிலே எம்.எக்ஸ்.-5 என்னும் கார் தோன்றியது.

தொஷிஹிகோ ஹிராய் தலைமையிலே உழைத்த பொறியியலாளர்கள் பழைய எலானை வாங்கி நுணுகி ஆராய்ந்தனர். அதன் உடலை அவ்வாறே பார்த்தெழுதுவது அவர் நோக்கமன்று. ஓட்டுவோன் உள்ளத்திலே அது எழுப்பும் இன்பம் எதிலிருந்து பிறக்கின்றது என்பதைத் தேடினர். குதிரையும் அதன்மீது இவர்ந்து செல்பவனும் ஓருடலாதல் என்னும் பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரைத் தமக்குக் குறிக்கோளாக வைத்தனர். 1.6 லீற்றர் எஞ்சினை முன்னே வைத்துப் பின்சக்கரங்களை உந்தச் செய்தனர். எடையை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்தனர். கியர்ப் பொல்லினைக் குறுக்கினர். புகைக்குழாயின் ஒலி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும் ஆராய்ந்து அமைத்தனர். எண்ணெய்க் கசிவையும் மின்கோளாற்றையும் மாத்திரம் அவர்கள் பின்பற்றவில்லை. காலத்துக்குக் காலம் புதுக்கப்பட்டு, 2016 ஏப்பிரிலில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. எம்.ஜி.பி.யையும் எலானையும் இழந்து நின்றோர் பலர் தேடிய வாரிசு, வேறு நாட்டிலே, வேறு பெயரிலே பிறந்தது.

நளவெண்பா கற்ற மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. கார்க்கோடகன் தீண்டியதால் உருத்திரிந்து, வாகுகன் என்ற பெயரோடு வந்த நளனை முகத்தைப் பார்த்தவர் எவரும் அறிந்திலர். தேர் வந்த விரைவும் சமைத்த உணவின் சுவையுமே தமயந்திக்கு உண்மையை உணர்த்தின. பெயரும் வடிவும் மாறினும் செயலிலே மாறாதது எதுவோ அதனையே அவள் தேடினாள்.

தெரிவு செய்வோர் கவனிக்க வேண்டியவை

ஆகவே, வாரிசு தேடுவோர் கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, பழைய காரிலே தாம் விரும்பியது யாது என்று எழுதிப் பார்ப்பது நன்று. அதன் இலேசா? திறந்த கூரையா? கைக்கருவி கொண்டு தாமே திருத்தும் மகிழ்ச்சியா? அன்றி, அக்காரிலே கழிந்த இளமைதானா? முதல் மூன்றையும் வேறு காரிலே பெறலாம். நான்காவதை எந்தக் கடையும் விற்பதில்லை. நான்காவதே விடையானால், பழைய காரையே புதுக்கி வைத்திருப்பது உத்தமம். எம்.ஜி.பி.க்குரிய புதிய தகட்டுடல்களைப் பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் இங்கிலாந்தில் செய்யத் தொடங்கினர் என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

வேறு கார் வாங்குவதென்றால், அதனை நெடுஞ்சாலையிலே ஓட்டிப் பார்த்துப் பயனில்லை. வளைவுகள் மலிந்த ஒடுங்கிய வீதியிலே, பழைய காரை ஓட்டிய அதே நாளில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். குதிரைவலுவைக் கேட்குமுன் எடையைக் கேட்க வேண்டும். எம்.ஜி. என்ற பெயரிலே இன்று சீனத்துக் கொம்பனி விற்கும் சைபர்ஸ்டர் என்னும் மின்சாரக் கார் மிக வேகமானதே. ஆனால் அதன் எடை 1,900 கிலோகிராம் அளவினது, அதாவது பழைய எம்.ஜி.பி.யைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. வேகத்தை விரும்பியவருக்கு அது ஏற்றதாகலாம்; இலேசை விரும்பியவருக்கு ஏற்றதாகாது. முதற்காலத்து எம்.எக்ஸ்.-5 கார்களும் இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றின் கதவடித் தகடுகளையும் துரு அரிக்கும். ஆதலாற் குனிந்து பார்த்தே வாங்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. பழைய கார்களில் காற்றுப்பை கிடையாது. சக்கரம் வழுக்காது தடுக்கும் பிறேக்கும் கிடையாது. தனித்து ஓட்டுவோன் தன் அன்புக்காகத் துணியலாம். மனைவியோ பிள்ளையோ பக்கத்து இருக்கையில் அமரும்போது, அந்த அன்பு மாத்திரம் கணக்கில் நிற்கலாகாது. முழங்கால் வலிக்க நிலமட்டத்துக்குக் குனிந்து ஏறவேண்டிய வயதும் வரும். அதனை எண்ணிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் நம்மிற் பலருக்கு எட்டாத பொருள். ஆயினும் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடி உழைத்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை நம்மவர் எத்துணை அன்போடு காத்தனர் என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறக்கப்பட்டதும், பழைய காருக்குப் பதிலாக எதனை வாங்குவது என்ற பேச்சு நம் வீடுகளிலும் எழுந்தது. அவ்வீடுகளுக்கும் இவ்விதி பொருந்தும். பெயரையும் பளபளப்பையும் கண்டு மயங்காது, பழையது நமக்குச் செய்த உதவி எது என்று முதலில் தெளிதல் வேண்டும். அதனைத் தெளிந்தவருக்குப் புதியதைத் தேடுவது கடினமன்று. பழையதை நன்றியோடு வழியனுப்புவதும் கடினமன்று.