பின்வரிசைக் கடம் முன்வரிசைக்கு வந்த கதை... ‘சக்தி’ பேண்டின் 50 ஆண்டுப் பயணம்!

ஆனி மாதம் வந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே கூட்டம் முண்டியடித்துப் பிடிக்கும். காரைக்கால் அம்மையார் என்றதும் நமக்கெல்லாம் அந்த மாம்பழம்தான் நினைவுக்கு வரும். ஆனால், அம்மையார் இசையும் அறிந்தவர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லி, கூடவே ஒரு வாத்தியப் பட்டியலும் தருகிறார். வீணை, மத்தளம், தமருகம் ஆகியவற்றுடன் குடமுழாவும் அதில் இருக்கிறது.

குடத்தின் வாயில் தோல் கட்டி முழக்குவது குடமுழா. ஐந்து முகம் கொண்ட குடமுழாவை இன்றும் பக்கத்துத் திருவாரூர் தியாகராஜர் கோயிலில் பார்க்கலாம். கச்சேரிகளில் வரும் கடம் வேறு. அதற்குத் தோல் கிடையாது. சுட்ட மண் மட்டும்தான். ஆனாலும் குடத்தில் தாளம் கேட்ட மண் இது. அந்த மண்குடம் உலக மேடையில் முன்வரிசைக்கு வந்தது எப்படி? அதைத் தெரிந்துகொள்ள ‘சக்தி’ என்ற பேண்டின் கதையைக் கேட்க வேண்டும்.

காதைப் பிளந்த கிடாரிஸ்ட்

ஜான் மெக்லாக்லின், இங்கிலாந்துக்காரர். ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ஆல்பங்களில் வாசித்தவர். 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’வைத் தொடங்கினார். ராக்கின் வேகம், ஜாஸின் நுணுக்கம், காதைப் பிளக்கும் எலெக்ட்ரிக் கிடார் என்று அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அதிரவைத்த குழு அது.

அதே காலத்தில் அவர் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கே படித்துக்கொண்டிருந்த வயலின் கலைஞர் எல்.சங்கரோடு பழக்கம் ஏற்பட்டது. வயலின் மேதை வி.லக்ஷ்மிநாராயணாவின் மகன் இந்தச் சங்கர், எல்.வைத்தியநாதன், எல்.சுப்ரமணியம் ஆகியோரின் தம்பி. தபலாவுக்கு அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன், மிருதங்கத்துக்கு வெஸ்லியனில் பாடம் நடத்திய ராமநாதபுரம் வி.ராகவன், கடத்துக்கு டி.எச்.விநாயக்ராம் என்று ஆட்கள் சேர்ந்தார்கள்.

புகழின் உச்சியில் இருந்த ராக் கிடாரிஸ்ட் எலெக்ட்ரிக் கிடாரைக் கீழே வைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவருக்காகவே ஒரு மரக் கிடார் தயாரானது. வழக்கமான கம்பிகளுக்குக் குறுக்கே, சுருதிக்கென்று ஏழு கம்பிகள். கமகம் பேசுவதற்காக விரல் பலகையும் குழிவாகச் செதுக்கப்பட்டது.

1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவுசெய்து, அடுத்த ஆண்டு முதல் ஆல்பமாக வெளியிட்டார்கள். மொத்தமே மூன்று உருப்படிகள். அதில் ஒன்று ஏறக்குறைய அரை மணி நேரம்! மூன்று நிமிடப் பாட்டு விற்கும் சந்தைக்கு இது ஒத்துவருமா?

பக்கவாத்தியம் இல்லை, பங்காளி!

நம் கச்சேரி மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நடுவில் பாடகர். பக்கத்தில் வயலினும் மிருதங்கமும். கடமும் கஞ்சிராவும் வந்தால், பெரும்பாலும் பின்னால் இடம். பெயரே ‘உபபக்கவாத்தியம்’. தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் வாசித்த பிறகுதான் கடத்தின் முறை வரும். நேரம் போதாத கச்சேரியில் கடம் இல்லாமலே சமாளித்துவிடுவார்கள்.

13 வயதில் மேடையேறி, எம்.எஸ்.சுப்புலட்சுமி உள்ளிட்ட மேதைகளுக்கு வாசித்தவர் விநாயக்ராம். ‘சக்தி’யில் அவருக்குக் கிடைத்தது வேறு இடம். முதல் ஆல்பத்துக்குப் பிறகு ராகவன் இல்லை. குழு நால்வராகச் சுருங்கியது. கிடார், வயலின், தபலா, கடம். இதில் யார் பக்கவாத்தியம்? யாருமே இல்லை. கிடார் கேட்கும், கடம் பதில் சொல்லும். கடம் ஒரு கணக்கு போடும், தபலா அதைத் தாண்டப் பார்க்கும்.

வடக்கத்தித் தபலாவும் தெற்கத்திக் கடமும் எப்படி ஒத்துப்போயின? தாளக் கணக்குதான் பாலம். நம் ஊர்த் தவில்காரர்கள் வாயால் சொல்லும் ‘தகதிமி, தகஜணு’ சொற்கட்டு போலவே தபலாவுக்கும் சொற்கள் உண்டு. ஒரே அடுக்கை மூன்று முறை வாசித்துச் சமத்தில் வந்து நிறுத்துவதை வடக்கே ‘திஹாய்’ என்பார்கள், இங்கே ‘மோரா’. பெயர்தான் வேறு. மெக்லாக்லினும் கொன்னக்கோலை முறையாகப் பழகினார். பிற்பாடு மேல்நாட்டுக் கலைஞர்களுக்குக் கொன்னக்கோல் சொல்லித்தரும் வீடியோ பாடம் ஒன்றையே வெளியிட்டார்.

மூன்று ஆல்பம்... அப்புறம் மௌனம்

‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்று மேலும் இரண்டு ஆல்பங்கள். 1978 வாக்கில் குழு கலைந்தது. மகாவிஷ்ணுவுக்குக் கூடிய கூட்டம் சக்திக்குக் கூடவில்லை.

ஆனால், விதை விழுந்துவிட்டது. எல்.சங்கர் பின்னாளில் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலுடன் வேலை செய்தார். புகழ்பெற்ற ராக் பேண்டான ‘கிரேட்ஃபுல் டெட்’டின் டிரம்மர் மிக்கி ஹார்ட், உலகத் தாளக் கலைஞர்களைக் கூட்டி ‘பிளானெட் டிரம்’ ஆல்பத்தை உருவாக்கியபோது ஜாகிரையும் விநாயக்ராமையும் அழைத்தார். ‘உலக இசை’ ஆல்பத்துக்கென்று 1992-ல் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது அதற்குத்தான் கிடைத்தது.

அப்பா இடத்தில் மகன்

1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் குழு மீண்டும் உயிர்பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸும், பாடகர் சங்கர் மகாதேவனும் சேர்ந்தார்கள். விநாயக்ராமின் இடத்துக்கு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். ‘வெண்ணிலா கபடி குழு’ படத்துக்கு இசையமைத்தாரே, அவரேதான். ஒரு கை அகலத் தோல்வாத்தியம், உலகின் பெரிய அரங்குகளில் தனியாகக் கைதட்டல் வாங்கியது.

2014-ல் பேரிழப்பு. 45 வயதிலேயே ஸ்ரீநிவாஸ் மறைந்தார். குழு மறுபடி மௌனமானது. பிறகு கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் கணேஷ் ராஜகோபாலனின் வயலினோடு மீண்டு வந்து, 2023-ல் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அது கிராமி வென்றது. அந்த ஆண்டு டிசம்பர் 15-ல் ஜாகிர் உசேன் காலமானார்.

கிராமியைவிடப் பெரிய மரபு ஒன்று சென்னையில் இருக்கிறது. விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா 1958-ல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாள வாத்திய வித்யாலயா. செல்வகணேஷின் மகன் சுவாமிநாதனும் கஞ்சிராதான் வாசிக்கிறார். தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே மேடையில் அமர்ந்து, பாடகரே இல்லாமல், தாளம் மட்டுமே வாசித்த கச்சேரிகள் உண்டு. பின்வரிசை வாத்தியங்களை நம்பி ரசிகர்கள் டிக்கெட் வாங்குகிறார்கள் என்றால், அதற்கான துணிச்சலைத் தந்தது ‘சக்தி’.

எங்கே தொடங்கலாம்?

● கேட்டே பழகாதவர்களுக்கு: முதல் ஆல்பத்தின் ‘லோட்டஸ் ஃபீட்’. ஐந்து நிமிடத்துக்குள் முடியும் அமைதியான மெட்டு. இரவில் கேட்கலாம்.

● வேகம் பிடிப்பவர்களுக்கு: அதே ஆல்பத்தின் ‘ஜாய்’. 18 நிமிடம். ஹெட்போன் அவசியம்.

● குழந்தைகளோடு கேட்க: ‘திஸ் மொமென்ட்’. சங்கர் மகாதேவனின் குரல் அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

இரண்டாம் முறை கேட்கும்போது கிடாரை விட்டுவிட்டு, கடத்தின் மேலோ கஞ்சிராவின் மேலோ காதை வையுங்கள். அடுத்த முறை ஊர்க்கோயில் கச்சேரிக்குப் போகும்போது, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்திருக்க மாட்டீர்கள்!