வீண் என்று சொல்லலாமா?

மேடையிலே ஒரு சொல் அடிக்கடி அடிபடுகிறது. மழை கொட்டித் தீர்த்து, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்திலே வெள்ளம் புரண்டோடும் நாட்களில் அந்தச் சொல்லைக் கேளாத காது இருக்க முடியாது. "இத்தனை தண்ணீரும் வீணாகக் கடலில் கலக்கிறதே!" என்பதுதான் அது. நாமும் அப்படிப் பேசியிருக்கிறோம். கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். மறைப்பானேன்? ஆனால், அந்த 'வீண்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இன்று எழுதுகோலை எடுத்திருக்கிறோம்.

அண்மையில் சிதம்பரத்திலே ஒரு பொதுக்கூட்டம். முடிவதற்கு நள்ளிரவாகிவிட்டது, தங்கினோம். பொழுது விடிந்ததும், பிச்சாவரம் போய் வரலாமே என்றனர் நண்பர்கள். 'இதயக்கனி' படத்திலே கண்ட இடந்தானே, நேரிலும் காண்போம் என்று படகேறினோம். இருமருங்கும் பச்சைச் சுவர். நடுவே சந்து பொந்துகளாய்ப் பிரிந்தோடும் வாய்க்கால்கள். கரைச் சேற்றிலிருந்து ஆயிரமாயிரம் விரல்கள் வானை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது போல வேர்கள்! அழகில் மயங்கிய நாம், "கொள்ளிடத்துத் தண்ணீரெல்லாம் இப்படிக் கடலுக்குப் போய் வீணாகிறதே" என்று பழக்கதோஷத்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம். துடுப்பு வலித்த பெரியவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கய்யா இப்படிச் சொல்லிட்டீங்க? அந்தத் தண்ணி வரலேன்னா இந்த மரம் ஏது? இறால் ஏது? எங்க அடுப்பு ஏது?"

முந்தைய இரவு முழுவதும் முழங்கிய நாம், வாயடைத்துப் போனோம்! ஊர் திரும்பியதும் ஏடுகளைப் புரட்டினோம். விவரம் அறிந்தோரைக் கேட்டோம். அறிந்ததை வாசகர்முன் வைக்கிறோம்.

அலையாத்திக் காடு என்பது அதன் பெயர். அலையை ஆற்றும் காடு! பெயரிலேயே பயனைப் பொதிந்து வைத்தான் தமிழன். கண்டல் என்று நெய்தல் நிலப் பாடல்களிலே சங்கப் புலவர் குறித்தனர். அவ்வளவு ஏன், தில்லை என்று சிதம்பரத்துக்குப் பெயர் வந்ததே இக்காட்டு மரம் ஒன்றினால்தான். தில்லை மரத்தின் பால் கண்ணிலே பட்டால் பார்வைக்கே கேடு. இன்று ஊரிலே பெயர் இருக்கிறது. மரத்தைக் காணவேண்டுமானால் பிச்சாவரத்துக்குத்தான் போகவேண்டும்!

உப்புத் தண்ணீரில் மரம் எப்படி வாழும் என்று கேட்கத் தோன்றும். சுரபுன்னை, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து வெளியே நிறுத்திவிடுகிறது. வெண்கண்டலோ, உள்ளே புகுந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. இலையைத் தொட்டு நாவில் வைத்தால் கரிக்கும். சேற்றுக்குள் காற்றில்லை, ஆகவே மூச்சுவேர்களை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. நாம் கண்ட விரல்கள் அவைதாம். சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, நாற்றாகிய பிறகே நீரில் விழுகிறது. பிள்ளையை வளர்த்து, பயிற்றி, பிறகு உலகத்துக்கு அனுப்பும் தாயைப் போல!

ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. இந்த மரங்கள் உப்பைத் தாங்குவன. உப்பிலேயே உயிர் வாழ விரும்புவன அல்ல. ஆற்று நீரும் கடல் நீரும் கைகோக்கும் இடத்திலேதான் இவை செழிக்கும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு நடுவே பிச்சாவரம் அமைந்தது தற்செயலா? காவிரிப் படுகையின் தென்கோடியிலே முத்துப்பேட்டைக் காடு அமைந்தது தற்செயலா? ஆற்று நீர் குறையக் குறைய, பலவகை மரங்கள் மறைந்து, உப்பை மிகுதியாகத் தாங்கும் வெண்கண்டலே எஞ்சும். முத்துப்பேட்டையில் இன்று பெரும்பாலும் நிற்பது அந்த ஒரே மரந்தான். படகோட்டியின் முதற்கேள்விக்கு விடை இது.

இரண்டாம் கேள்வி இறாலைப் பற்றியது. உதிர்ந்த இலையை நண்டு தின்கிறது. மிஞ்சியதை நுண்ணுயிர்கள் மக்கவைக்கின்றன. அந்த மக்கிலே வளர்கின்றன இறால் குஞ்சும் மீன் குஞ்சும். வேர்களின் இடுக்குகள் அவற்றுக்குத் தொட்டில். கடலிலே வலைவீசிப் பிடிக்கும் இறாலுக்கு இளமைப் பருவத்தில் இடம் கொடுத்தது இந்தச் சேறு! இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு இந்தக் காடுதான் வயல், இந்தக் காடுதான் களஞ்சியம். அடுப்பைப் பற்றிய மூன்றாம் கேள்விக்கும் இதுவே விடை.

இத்தகைய காட்டை நாம் எப்படி நடத்தினோம்? அதுதான் வேதனைக் கதை.

வெள்ளையர் ஆட்சியிலே, காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறாக மரங்களை அடியோடு வெட்டி விற்கும் முறை கொண்டுவரப்பட்டது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. வெள்ளையன் போன பிறகும் அந்த முறை போகவில்லை. 1970கள் வரை நீடித்தது. காடு முளைத்ததா? முளைக்கவில்லை! பொட்டல் பரந்தது. உடனே தீர்ப்பு எழுதினார்கள். குற்றவாளி யார்? விறகு பொறுக்கிய கிழவி! மாடு மேய்த்த சிறுவன்! கரையோரத்துக் குடிசைவாசி! ஆண்டாண்டாக அந்தப் பழியை ஏழை சுமந்தான்.

சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், பிச்சாவரத்துச் சேற்றிலே இறங்கி ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. மரத்தை மொட்டையடித்ததும் வெயில் நேரே சேற்றில் விழுகிறது. சேற்றின் ஈரம் வற்றுகிறது. வற்றிய மண் சுருங்கித் தாழ்கிறது. நிலம் தொட்டிபோல் குழிகிறது. பிச்சாவரத்திலே கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏறும்போது குழிக்குள் வந்த நீர், இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்குகிறது. வெயில் தண்ணீரைக் குடிக்கிறது, உப்பை விட்டுவிடுகிறது. மீண்டும் வருகிறது, மீண்டும் தேங்குகிறது, மீண்டும் உப்பு! முடிவில் கண்டலுங்கூடத் தாங்கமுடியாத உப்பளமாகிறது காடு. கிழவியின் விறகுக்கட்டு அல்ல, மேலிடத்துக் கோடரித் திட்டமே காட்டைக் கொன்றது! பழி சுமந்த ஏழையிடம் மன்னிப்புக் கேட்டவர் யார்?

நோய் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. தேங்கிய நீர் வெளியேற வேண்டும். புது நீர் வந்து போக வேண்டும். 1990களில், இயற்கை ஓடையிலிருந்து பெரு வாய்க்காலும், அதிலிருந்து இருபுறமும் சாய்ந்து பிரியும் சிறு வாய்க்கால்களும் மீன் முள் வடிவிலே வெட்டினார்கள். கரையிலே நாற்று நட்டார்கள். வனத்துறையும் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களும் சேர்ந்து செய்த வேலை அது. உப்பு தணிந்தது, பொட்டல் பச்சையாயிற்று. காட்டை அழித்தவன் என்று எவன்மீது பழி சொன்னார்களோ, அவனே மண்வெட்டி பிடித்துக் காட்டை மீட்டான்!

"அலையை ஆற்றும் என்கிறீரே, ஆற்றியதா?" என்று கேட்பர் சிலர். கேட்கட்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பிச்சாவரக் காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென ஆய்வாளர் எழுதினர். ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமும் காரணமாகலாமே என மறுத்தவர்களும் உண்டு. அந்த வாதத்தை நாம் மறைக்கவில்லை. ஒரிசாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29இல் தாக்கிய பெரும்புயலை வைத்து, கேந்திரபாரா மாவட்டத்து ஊர்களைக் கணக்கெடுத்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடலுக்கும் ஊருக்கும் இடையே கண்டல் காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று அது காட்டிற்று. காடு எல்லாவற்றையும் தடுக்கும் மந்திரக்கோல் அல்ல. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் முத்துப்பேட்டை மரங்களையே முறித்துப் போட்டதே! ஆனால், முன்வரிசையில் நின்று அடியை வாங்கிக்கொள்ளும் வீரனைக் காயம்பட்டான் என்பதற்காகப் படையிலிருந்து நீக்குவாருண்டோ?

இன்னொரு பகை, பணத்தாசை. தாய்லாந்திலும் ஈக்வடாரிலும் இறால் பண்ணைக்காகக் கண்டல் காடுகள் பெருமளவு அழிந்தன. காட்டுச் சேற்றிலே இரும்பும் கந்தகமும் கலந்து, காற்றுப் படாமல் உறங்குகின்றன. தோண்டிக் காயப்போட்டால் அதே கந்தகம் அமிலமாக மாறும். மண்ணும் நீரும் புளித்துப்போகும். குட்டநாட்டுக் கரிநிலத்து உழவரைக் கேட்டால் அந்தப் புளிப்பின் கொடுமை தெரியும். நம் கரையிலும் பண்ணைகள் பெருகியபோது, சர்வோதயத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கிலே, 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. 2005இல் புதுச் சட்டம் வந்தது. பண்ணைகள் ஒழுங்குமுறையோடு தொடர வழியும் வந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2021ஆம் ஆண்டு இந்திய வன அறிக்கையின்படி, நாட்டிலுள்ள அலையாத்திக் காடு 4,992 சதுர கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 45! ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கடற்கரைக்கு இதுதான் வேலி. 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலிலே இடம்பெற்றது, மகிழ்ச்சி. பட்டியலிலே பெயர் ஏறினால் போதுமா? ஆற்றிலே தண்ணீர் வரவேண்டாமா?

காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பைப் பாருங்கள். மொத்தம் 740 டி.எம்.சி. கணக்கிட்டு மாநிலங்களுக்குப் பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யும், தவிர்க்கமுடியாமல் கடலுக்குச் செல்வதாக 4 டி.எம்.சி.யும் தனியே ஒதுக்கினார்கள். கடலுக்குப் போகும் தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டென்று சட்டமே ஒப்புக்கொண்டது! உழவனின் உரிமைத் தண்ணீரில் ஒரு சொட்டையும் விட்டுக்கொடு என்று நாம் கூறவில்லை. தடுக்க வேண்டிய வெள்ளத்தைத் தடுக்கட்டும். ஏரி குளங்களை நிரப்பட்டும். ஆனால் கழிமுகத்துக்குப் போய்ச் சேரும் பங்கு பிச்சையல்ல. அது காட்டின் கூலி, மீனவனின் கூலி, இருளனின் கூலி.

நாம் கேட்பவை சில. கழிமுகத்துக்கு எந்த மாதம் எவ்வளவு நன்னீர் சேருகிறதென அளந்து மக்களுக்குச் சொல்லுங்கள். வெட்டிய வாய்க்கால்கள் தூர்ந்து போகாமல் காத்து வாருங்கள். நீரோட்டம் பாராமல் நாற்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களை நிறுத்துங்கள். தண்ணீர் வந்து போனால், காடு விழா கேட்காமலே வளரும். காட்டைப் பற்றிப் பேசும் அவையிலே, காட்டோடு வாழும் இருளருக்கும் மீனவருக்கும் நாற்காலி போடுங்கள்.

படகு கரை சேர்ந்தபோது அந்தப் பெரியவரிடம், "உங்கள் ஊர்ப்பக்கம் கூட்டம் பேச வந்தால் இதைச் சொல்கிறேன், ஐயா" என்றோம். "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுங்க. தெரியாத ஊர்ல போய்ச் சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டோம். அடுத்த மழைக்காலத்தில், கொள்ளிடம் புரளும்போது, 'வீண்' என்ற சொல்லோடு நம்மை எந்த மேடையிலும் காணமுடியாது.