வேனுக்குள் ஒரு குட்டி வீடு

கேரவன் என்றால் நம்மில் பலருக்கு ஷூட்டிங் நடக்கிற இடத்தில் ஓரமாக நிற்குமே, நடிகைகள் மேக்கப் போட்டுக்கொள்ளும் அந்த நீளமான வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டு, படுத்துத் தூங்கி, ஊர் ஊராகப் போய்வர ஒரு வண்டி என்பது ஏதோ வெள்ளைக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதுசே இல்லை. நம் பாட்டிமார் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, வண்டிக்கு அடியில் லாந்தரைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டுச்சோற்று மூட்டையோடு திருவிழாவுக்கும் சந்தனக்கூட்டுக்கும் போனவர்கள்தானே! ஆற்றங்கரையில் மாட்டை அவிழ்த்துவிட்டு மூன்று கல் வைத்து உலை ஏற்றினால், அதுதான் அன்றைய கேரவன்.

வெள்ளைக்காரர்கள் கதையும் சுவாரசியமானதுதான். 1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்றே குதிரை இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயர். அமெரிக்காவில் வாலி பயம் என்பவர் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வண்டியைச் செய்ததற்குக் காரணம் அவர் மனைவியாம். "அடுப்படி இல்லாமல், தரையில் கூடாரம் போட்டுப் படுக்க என்னால் ஆகாது" என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். எந்த நாடாக இருந்தால் என்ன, அடுப்படிக் கவலை பெண்ணுக்குத்தான்! அவருடைய கம்பெனிதான் பிற்பாடு புகழ்பெற்ற ஏர்ஸ்ட்ரீம். 1969-ல் சந்திரனுக்குப் போய்த் திரும்பிய மூவரையும் தனியாக அடைத்து வைத்திருந்தது அந்தக் கம்பெனியின் வண்டியை மாற்றியமைத்த ஒரு கூண்டில்தான்.

நம் பக்கத்தில் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. மறு வருஷம் வாகமனில் அப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கு ஓர் இடமும் திறந்தார்கள். ஆனால் வாடகை நம் கைக்கு எட்டுகிற மாதிரி இல்லை. காரில் மாட்டி இழுக்கிற டிரெய்லரோ நம் சாலைகளில் அபூர்வம். டிரெய்லர் என்றால் நம் ஊரில் டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றி வருவதுதான். ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு வழி ஒன்றே. இருக்கிற வேனையே இரண்டு மூன்று நாளைக்கு வீடாக்கிக்கொள்வது.

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். போன லீவில் வந்தபோது பழைய வேன் ஒன்று வாங்கினார். லீவு நாற்பது நாள். அதற்குள் எல்லாரையும் எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. என் மாமியாரோ ஆறு வருஷமாக ஊரைவிட்டு வெளியே வந்ததில்லை. சர்க்கரை வியாதி, இரண்டு வேளை இன்சுலின். "மாமி, நீங்க வராம நாங்க கிளம்பறதா இல்லை" என்றேன். "நடுவழியில ஒதுங்கணும்னா நான் எங்கம்மா போவேன்? நீங்க போய்ட்டு வாங்க" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வேலையெல்லாம் ஆரம்பித்தது.

ஒதுங்குமிடம்

வேனில் படுக்கை அமைப்பதைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் யோசிப்பார்கள். நான் கழிப்பறையிலிருந்து தொடங்கினேன். காரணம் உங்களுக்கே தெரியும். பயணம் என்றாலே நாம் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். அடக்கி அடக்கி வைத்து, ஊர் திரும்பினதும் நீர்க்கடுப்பு என்று டாக்டரிடம் ஓடுகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தொற்று சீக்கிரம் வரும், சிறுநீரகம் வரைக்கும் போகும்.

மருந்துக் கடைகளில் வயதானவர்களுக்கென்று மடக்குகிற கமோடு நாற்காலி விற்கிறார்கள். அதில் ஒன்று வாங்கினோம். அடியில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் கெட்டியான பை ஒன்றை விரித்து, இரண்டு கை மரத்தூள் போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாடையும் அமுங்கும். வேனின் பின்கதவைத் தூக்கினால் அதுவே கூரை. அதைச் சுற்றி அடர்நிறத் துணியில் திரை தைத்து, கொக்கி வைத்து மாட்டினேன். காற்றில் தூக்காமல் இருக்கத் திரையின் அடி ஓரத்தில் சின்னக் கூழாங்கற்களை வைத்து மடித்துத் தைத்துவிட்டேன். வாளியை அடுத்த பெட்ரோல் பங்கிலோ சுங்கச் சாவடியிலோ உள்ள கழிப்பறையில் கொட்டிக் கழுவ வேண்டும். பையைக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். வாய்க்காலில் வீசுவது நமக்கு அழகில்லை.

இதைச் செய்து காட்டின அன்றுதான் மாமி, "சரி, என் புடவை ரெண்டு எடுத்து வை" என்றார்.

படுக்கையும் பாரமும்

சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டில் அடிக்கலாம் என்று மெக்கானிக் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றினால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் வில்லங்கம் வரும். அதனால் எதையும் ஆணி அடிக்கவில்லை, எல்லாம் எடுத்து மாட்டுகிற சாமான்தான். எதிரெதிர் சீட்டுகளுக்கு நடுவில் வைக்க, அடியில் ரீப்பர் அடித்த பிளைவுட் பலகை இரண்டு துண்டு. அதன்மேல் மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை. இரவில் இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் தாராளமாகப் படுக்கலாம். ஆண்களுக்கு வெளியே தார்பாயும் கோரைப்பாயும்.

வண்டி ஓடும்போது பலகை சீட்டுக்குப் பின்னால் பெல்ட் போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சடன் பிரேக் போட்டால் கட்டாத குக்கர்கூட பீரங்கிக் குண்டுதான். குழந்தையும் அப்படியே. மடியில் வைத்திருந்தால் பத்திரம் என்று நினைக்கிறோம், வேகத்தில் நம் கைப்பிடி நிற்காது. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், இல்லாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த மாதிரி வைக்கிற சீட்டுதான் நல்லது.

தண்ணீர்தான் பெரிய பாரம். லிட்டருக்கு ஒரு கிலோ. ஆறு பேருக்கு குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் இரண்டு, கைகால் கழுவ, ஒளு செய்ய ஒன்று. ஆக 60 கிலோ. இதைக் கூரைமேலோ பின்கோடியிலோ வைக்காமல் தரையோடு தரையாக, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவார்களே, அதே கணக்கு. வெளிநாட்டில் இருக்கிற நம் சகோதரிகள் யாராவது இழுவை வண்டி வாங்குவதானால் இதை மறக்கக்கூடாது. டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு காரின் கொக்கிமேல் உட்கார வேண்டும். பின்பாரமானால் வேகத்தில் பாம்பு மாதிரி நெளிந்து காரையே கவிழ்த்துவிடும்.

விளக்குக்கும் ஃபேனுக்கும் வேனின் சொந்த பேட்டரியைத் தொடவே கூடாது. விடிந்ததும் வண்டி கிளம்பாது. தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். 15 வாட் ஃபேன் ஒன்று எட்டு மணி நேரம் ஓடினால் 10 ஆம்பியர்-மணிதான் செலவு. 40 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதிவரை உபயோகித்தாலே இரண்டு ராத்திரிக்கு வரும்.

நெருப்பும் புகையும்

சகோதரிகளே, இந்தப் பகுதியை மட்டும் வீட்டு ஆண்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

2023 ஆகஸ்ட் 26-ம் தேதி விடிகாலையில் மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில்பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள். அனுமதியில்லாமல் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் டீ போட்டபோது நடந்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நாம் படுத்திருப்பதும் அந்தத் தரையில்தான். வீட்டு சிலிண்டரை வண்டியில் ஏற்றவே கூடாது. சின்ன சிலிண்டர் ஆனால் பரவாயில்லை என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் ஒரு சின்ன இரும்பு அடுப்பும் கரியும் எடுத்துக்கொண்டோம். சமையல் வெளியில், வண்டியிலிருந்து பத்தடி தள்ளி. முடிந்ததும் கங்கில் தண்ணீர் ஊற்றி அணைத்து, ஆறவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாத எமன். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று நிபுணர்கள் சோதித்துச் சொன்னார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூங்கினபடியே போய்விடுவார். ஆகவே நிறுத்தின வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கவே கூடாது. குளிருக்காகக் கங்கு வைத்த சட்டியை உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான். கொசுவத்தியும் வேண்டாம். ஜன்னல் அளவுக்குக் கொசுவலையை வெட்டி, ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்து மாட்டிவிட்டு, எதிரெதிராக இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வந்துபோகும்.

பகலில் மூடிய வண்டியில் குழந்தையை 'ஒரு நிமிஷம்' என்றுகூட விட்டுப் போகாதீர்கள். வெயிலில் பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி சூடு ஏறிவிடும்.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும்

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். பால்பவுடர் கொடுப்பவர்கள் கலந்த பாலை ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைக்காதீர்கள், அந்த வெதுவெதுப்பில் கிருமி பெருகும். கொதித்த வெந்நீர் தனியாக, பவுடர் தனியாக. வேண்டும்போது நல்ல சூட்டில் கலந்து, ஆற்றிக் கொடுக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி மாவுக்கும் இதே முறைதான். வயிற்றோட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மாமியின் இன்சுலினை அகலவாய் ஃபிளாஸ்க்கில், துணியில் சுற்றிய ஐஸ் பொட்டலத்தோடு வைத்தேன். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, உறைந்துபோன இன்சுலின் வீண். டேஷ்போர்டில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். அவர் மடிப் பையில் எந்நேரமும் கொஞ்சம் சர்க்கரை. சாப்பாடு தாமதமாகித் தலை சுற்றினால் உடனே வாயில் போட.

சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, ஈரமில்லாமல் வறுத்த கறி, மிளகாய்ப்பொடி தடவின இட்லி. மலைக்குப் போகிறவர்கள் குக்கரை மறக்காதீர்கள். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி லேசில் வேகாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்த எடுப்பில் மலைக்குக் கிளம்ப வேண்டாம். முதல் ராத்திரியை வீட்டு வாசலிலேயே வேனில் கழியுங்கள். நாங்கள் அப்படிப் படுத்தபோதுதான் வாசல் சரிவில் தலை தாழ்ந்து போவது தெரிந்தது. மறுநாளே சக்கரத்துக்குக் கீழே வைக்கக் கட்டை இரண்டு செதுக்கினோம். கேன் குழாய் பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதும், டார்ச் யார் கைக்கும் எட்டாமல் இருப்பதும் அன்றுதான் தெரிந்தது. அடுத்தது அரை நாள் பயணம். எங்களுக்குப் பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை, சாத்தனூர் கல்மரம். அப்புறம் பறவைகள் வருகிற மாதத்தில் அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி ஏரி. அதற்கும் பிறகுதான் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகூர். கந்தூரி நாட்களில் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வேன் வீடு கைகொடுப்பது அப்போதுதான். கடற்கரைக் காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்து மாமி தூங்கினார், நான்தான் புது இடத்தில் பாதி ராத்திரி விழித்திருந்தேன்.

முன்சீட்டுக்கு அடியில் சின்னத் தீயணைப்பான் ஒன்று, முதலுதவிப் பெட்டி, ஜாக்கி, கயிறு. ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்று எழுதிக் கண்ணாடியோரம் ஒட்டிவிடுங்கள். கிளம்புகிற அன்று காலையில் நாலு டயருக்கும் காற்று அடிப்பவரிடம், ஸ்டெப்னிக்கும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கேட்டால்தான் பார்ப்பார்.