லூடோ கிங் முதல் வேர்டில் வரை: ஒரு கேம் உங்கள் ஃபேமிலி குரூப்புக்குள் எப்படி நுழைகிறது?

2020 மார்ச் 22 நள்ளிரவோடு மும்பை லோக்கல் ரயில்கள் நின்றன. இரண்டு நாள் கழித்து நாடு முழுக்க ஊரடங்கு அறிவிப்பு. அடுத்த சில வாரங்களில் நவி மும்பையில் இருக்கும் கேமேஷன் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனியின் சர்வர்கள் கூட்டம் தாங்காமல் திணறின. அவர்கள் செய்த ஆட்டம், லூடோ கிங். ஊரடங்குக்கு முன் ஒரு நாளைக்கு 1.3 முதல் 1.5 கோடி பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், அது 5 கோடியாகிவிட்டது என்று அதன் நிறுவனர் விகாஷ் ஜெய்ஸ்வால் அப்போது பேட்டிகளில் சொன்னார்.

"எல்லாரும் வீட்ல சும்மா இருந்தாங்க, ஆடினாங்க. இதுல ஆராய என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ஊரடங்கு பிளே ஸ்டோரில் இருந்த மற்ற எல்லா கேம்களுக்கும்தான் வந்தது. லூடோ கிங் மட்டும் ஏன் உங்கள் மாமியார் போன் வரைக்கும் போனது?

ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை

பாட்னாக்காரரான ஜெய்ஸ்வால் மும்பையில் இண்டியாகேம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 2010-ல் சொந்தமாக கேமேஷனைத் தொடங்கினார். லூடோ கிங் வந்தது 2016-ல். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது. இது பாதிக் கதை.

மீதிப் பாதி அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. லூடோ என்பது இங்கிலாந்தில் 1896-ல் காப்புரிமை பெற்ற பெயர். ஆட்டம் நம் பச்சீசியிலிருந்து போனது. ஊரில் ஆச்சியோடு உட்கார்ந்து தாயம் ஆடியவர்களுக்கு விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை அற்பமாக நினைக்காதீர்கள். புதிதாக ஒரு கேமை இறக்கியவர்களில் பெரும் பகுதி, "இது என்னன்னே புரியல" என்று முதல் சில நிமிடங்களிலேயே விலகிவிடுவார்கள். லூடோ கிங்குக்கு அந்தச் செலவே கிடையாது.

அடுத்தது, ரூம் கோடு. நீங்கள் ஒரு தனி ரூம் திறந்தால் ஒரு கோடு வரும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் அந்த ரூமில் ஆட்டம் தொடங்கும். கவனியுங்கள், இங்கே "நண்பர்களோடு பகிருங்கள்" என்று யாரும் கெஞ்சவில்லை. சித்தப்பாவைக் கூப்பிடாமல் சித்தப்பாவோடு ஆட முடியாது, அவ்வளவுதான். அழைப்பே ஆட்டத்தின் முதல் காய் நகர்த்தல். இணையம் இல்லாத இடத்திலும் ஒரே போனை நடுவில் வைத்து நான்கு பேர் ஆடலாம். பத்துக்குப் பத்து அறையில் ஐந்தாறு பேர் அடைந்து கிடந்த நாட்களில் இந்த வசதி எவ்வளவு பெரியது என்று தாராவிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம்

கேம் கம்பெனிகள் 'கே-ஃபேக்டர்' என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். ஒரு ஆட்டக்காரர் எத்தனை பேரை அழைக்கிறார், அதில் எத்தனை பேர் உண்மையிலேயே வருகிறார்கள், இரண்டையும் பெருக்குவதுதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நீங்கள் ஒரு புது கேம் செய்து 100 பேருக்குக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொருவரும் 5 பேரை அழைக்க, பத்தில் ஒருவர் வருகிறார். கே = 0.5. முதல் சுற்றில் 50 பேர், அடுத்து 25, பிறகு 12 என்று தேய்ந்து, மொத்தம் 200 பேரோடு நின்றுவிடும். கே 0.9 ஆனால் மொத்தம் 1,000. அதுவும் நின்றுதான் போகும். எண் 1-ஐத் தாண்டினால்தான் ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேகம். கே 1.2 என்று வையுங்கள். ஒருவர் சேர்ந்து, அவர் அழைத்தவர் வந்து சேர ஒரு வாரம் ஆகிறது என்றால், 70 நாளில் 10 சுற்று. மொத்தம் சுமார் 3,200 பேர். அதே 1.2, ஆனால் ஒரு சுற்றுக்கு இரண்டே நாள் என்றால் 70 நாளில் 35 சுற்று. மொத்தம் ஏறக்குறைய மூன்றரை லட்சம். கேம் ஒன்று, கே ஒன்று. மாறியது அழைப்புக்கும் வருகைக்கும் நடுவில் உள்ள நாட்கள் மட்டும்தான். ரூம் கோடு "இப்பவே வா" என்கிறது. "நேரம் கிடைக்கும்போது பாரு" என்று அனுப்பும் லிங்க், அரட்டையில் மேலே போய்ப் புதைந்துவிடும்.

வேர்டில் இதையே வேறு வழியில் சாதித்தது. ஜோஷ் வார்டில் அதை 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார். நவம்பர் 1-ம் தேதி ஆடியவர்கள் 90 பேர். டிசம்பரில், ஆடி முடித்ததும் பச்சை, மஞ்சள் கட்டங்களாக முடிவைப் பகிரும் வசதியைச் சேர்த்தார். ஜனவரி 2-ம் தேதி 3 லட்சம் பேர். அந்தக் கட்டங்களோடு லிங்க்கூட இல்லை! பார்ப்பவர் "என்னடா இது?" என்று கேட்டே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே சொல், உலகத்துக்கே அதே சொல் என்பதால் அன்றைக்கே பேசியாக வேண்டும்.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்: மூன்று வலைகள்

கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. எல்லாரும் புதுப்புது ஆட்களை அழைப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் உங்கள் ஐந்து நண்பர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

தாராவியின் தமிழ்ப் பகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தாராவியும் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்களில், பக்கத்து வீட்டு அண்ணனே ஊர்க்காரராக, சொந்தக்காரராக, சீட்டு போடுபவராகவும் இருப்பார். ஒருவரிடம் வரும் செய்தி நான்கு பக்கத்திலிருந்து திரும்பவும் வரும். மாட்டுங்கா வேறு மாதிரி. பழைய குடும்பங்கள், பிள்ளைகள் புனேவிலோ நியூ ஜெர்சியிலோ. உறவு நெருக்கமானது, ஆனால் ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். செம்பூரில் ஹவுசிங் சொசைட்டி குரூப், ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப் என்று ஒரே ஆள் பல கூட்டங்களில் கால் வைத்திருக்கிறார்.

இதில் கேம் எங்கே சீக்கிரம் பரவும்? நான் கேட்டுப் பார்த்த பலரும் "செம்பூர்" என்றார்கள். காரணம், சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை நம் எல்லார் மண்டையிலும் ஏதோ ஒரு வடிவில் ஏறியிருக்கிறது: தூரத்துப் பழக்கங்கள்தான் புதுச் செய்தியைக் கொண்டுவரும். வேலை காலியிருக்கு, ரூம் காலியிருக்கு என்ற தகவலுக்கு இது சரி. ஒரு முறை கேட்டாலே போதும்.

ஆனால் ஒரு பழக்கத்தில் சேர ஒரு முறை கேட்டால் போதுமா? டேமன் சென்டோலா 2010-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனை இதைத்தான் சோதித்தது. 1,528 பேரை இணையத்தில் இரண்டு விதமான வலைகளில் அமர்த்தினார். ஒன்றில் ஒருவரின் நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்கள். இன்னொன்றில் தொடர்புகள் சிதறிக் கிடந்தன. ஒரு ஆரோக்கியத் தளத்தில் சேரும் பழக்கம் நெருங்கிய வலையில் சுமார் 54 சதவீதம் பேரை எட்டியது, சிதறிய வலையில் 38 சதவீதம் பேரைத்தான். நெருங்கிய வலையில் வேகமும் அதிகம். இரண்டாவது, மூன்றாவது ஆள் சொல்லும்போதுதான் மனசு மாறுகிறது.

ஆட்டமும் அப்படித்தான். கூட ஆட நான்கு பேர் வேண்டும், அந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் வேண்டும். அதனால் என் பந்தயம் முதலில் தாராவி மாதிரியான வலை மேல்தான். அங்கே பிடித்த பிறகு, வெளியே கொண்டுபோக செம்பூர் ஆள் வேண்டும். கடல் தாண்டக் காரணம் கொடுப்பது மாட்டுங்கா பாட்டி: பேரனோடு தினமும் பேச என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரு லூடோ ரவுண்டு நல்ல பதில். 2020-ல் லூடோ கிங் ஆட்டத்துக்குள்ளேயே வாய்ஸ் சாட் சேர்த்தது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலானவை ஏன் பரவுவதில்லை

யாஹூ ஆய்வாளர்களான ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ், டேனியல் கோல்ட்ஸ்டைன் ஆகியோர் 2012-ல் ஒரு இணைய விளையாட்டு உட்பட ஏழு வகை விஷயங்கள் பரவுவதை அளந்தார்கள். மிகப் பெரும்பாலானவை முதல் ஆளிடமிருந்து ஒரே ஒரு படி தாண்டி நின்றுவிட்டன. 'வைரல் மார்க்கெட்டிங்' என்று யாராவது உங்களுக்கு ஸ்லைடு போட்டால் இதை ஞாபகம் வையுங்கள்.

பரவியவையும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. 'டிரா சம்திங்' 2012-ல் 50 நாளில் 5 கோடி டவுன்லோடு பார்த்தது. ஜிங்கா நிறுவனம் சுமார் 18 கோடி டாலர் கொடுத்து அதன் உரிமையாளர் கம்பெனியையே வாங்கியது. சில வாரங்களில் கூட்டம் கரையத் தொடங்கியது. அதே ஜிங்காவின் ஃபார்ம்வில் 2010-ல் மாதம் 8 கோடிக்கு மேல் ஆட்கள் வந்த ஆட்டம். "என் மாடு தொலைஞ்சிடுச்சு, உதவுங்க" என்ற ரக அறிவிப்புகளால் ஃபேஸ்புக் நிரம்பியது. ஆடாதவர்கள் எரிச்சலடைய, ஃபேஸ்புக் அந்த அறிவிப்புகளைக் கட்டுப்படுத்தியது. கடன் வாங்கிய வாசல் வழியாக வளர்ந்த கேமுக்கு, வாசலின் சொந்தக்காரர் கதவைச் சாத்தினால் வேறு வழியில்லை.

லிங்க் அனுப்பினால் காசு?

அழைக்க ஒரு காரணம் ஆட்டத்துக்குள் இல்லாதபோது, கம்பெனிகள் காரணத்தை விலைக்கு வாங்குகின்றன. "ரெஃபர் பண்ணுங்க, 50 ரூபா போனஸ்" என்பது அதுதான். கே-ஃபேக்டர் கணக்கில் இதற்கும் ரூம் கோடுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் வித்தியாசம் உங்களுக்கு இருக்கிறது. மும்பையில் ரூம் கிடைப்பதும், வேலை காலியிருப்பது தெரிவதும், ஊருக்கு டிக்கெட் கிடைப்பதும் எந்த குரூப் வழியாகவோ, அதே குரூப்பில்தான் அந்த லிங்க்கும் போகிறது. தம்பி பணம் கட்டித் தோற்றால், அவனைச் சேர்த்துவிட்டது கம்பெனி இல்லை, நீங்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும், தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவர்களுக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. இதன் பிறகு பணப் பந்தய லூடோ நடத்தியவர்கள் இலவச ஆட்டத்துக்கு மாறினார்கள்.

இலவசம் என்றால் விலை வேறு இடத்தில் இருக்கிறது. லூடோ கிங்குக்கு அது பெரும்பாலும் விளம்பரம். வேறு சில கேம்கள் கேட்பது உங்கள் கான்டாக்ட் லிஸ்ட். 2019-ல் ஜிங்காவின் 'வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்' தொடர்பாக 17 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் திருடு போயின. கான்டாக்ட் லிஸ்டைப் பொறுத்தவரை, நீங்கள் 'அலோ' அழுத்தினால் போவது உங்கள் எண் மட்டுமில்லை. போனில் சேமித்திருக்கும் அத்தனை பேரின் எண்ணும்தான், அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ், அந்த கேமின் பெயர், பெர்மிஷன்ஸ் என்று போய் கான்டாக்ட்ஸை 'டோன்ட் அலோ' ஆக்குங்கள். நேர்மையாகச் செய்த கேம் என்றால் அதற்குப் பிறகும் ரூம் கோடு வைத்து ஓடும்.