பழைய காருக்குத் தேவை பளபளப்பா, பாதுகாப்பா?

தாத்தா வாங்கிய மோரிஸ் மைனர் கார் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கிறது. பேரன் அதைப் பழுதுபார்த்து, தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஓட்டிச் செல்ல ஆசைப்படுகிறார். நல்ல ஆசைதான். ஆனால் முதல் வெள்ளியை எதற்குச் செலவிடுவது? பலர் சாயம் பூசுவதற்கே செலவிட்டு விடுகின்றனர். தவறு அங்குதான் தொடங்குகிறது.

1948-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான இந்தக் காரை வடிவமைத்தவர் எலெக் இசிகோனிஸ். 1970-களின் தொடக்கம் வரை 16 லட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டன. மலாயா, சிங்கப்பூர் சாலைகளில் ஒரு காலத்தில் இது சர்வ சாதாரணம். அன்று முன்னால் சென்ற கார்களும் மெதுவாகவே நின்றன. இன்றைய கார்களோ சட்டென்று நின்றுவிடும். அவற்றின் பின்னால் வரும் பழைய கார் என்னாவது?

முதலில் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. தரைத்தகடும் பின் ஸ்பிரிங் பொருந்தும் இடமும் துருப்பிடித்திருந்தால் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பூச்சு வைத்து மறைப்பது ஆபத்து.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்; எண்ணெய் செல்லும் வழியோ ஒன்றே ஒன்று. ஒரு குழாய் கசிந்தாலும் கால் பிரேக் முழுவதும் போய்விடும். எனவே பழைய குழாய்களை மாற்றி, இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டரும் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்துவது நல்லது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈராண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

முன் சக்கரத்தைத் தாங்கும் 'டிரன்னியன்' எனும் மரை இணைப்பு இக்காரின் பலவீனம். கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடக்கூடும்.

மூன்று முனை இருக்கை வாரை வால்வோ நிறுவனம் 1959-இல்தான் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் பிறந்த காரில் அது எப்படி இருக்கும்? வாரைப் பொருத்தும் இடத்தில் உட்புறமாகக் கெட்டித் தகடு வைக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டில் முடுக்கிய வார், மோதும்போது பிய்த்துக்கொண்டு வரும். சட்டம் பழைய காருக்கு விலக்கு தரலாம்; விபத்து தராது.

ஆரம்பகால மைனர்களில் திரும்பும் திசையைக் காட்ட, பக்கவாட்டில் ஒரு சிறு கை நீளும். இன்றைய ஓட்டுநர்கள் அதைக் கவனிப்பதில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு, மின்னும் விளக்குகளையும் சேர்க்கலாம். டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் 1214 என்றிருந்தால், அது 2014-ஆம் ஆண்டின் 12-வது வாரத்தில் தயாரானது. பூ தேயாவிட்டாலும் ரப்பர் முதிர்ந்து வெடிக்கும்.

இப்படியெல்லாம் மாற்றினால் பழைமை போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கழற்றிய பாகங்களைப் பெட்டியில் பத்திரப்படுத்தினால், வேண்டும்போது மீண்டும் பொருத்திக்கொள்ளலாம். மாற்றம் செய்யுமுன் மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவிடமும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும், காப்புறுதி நிறுவனத்திடமும் விதிமுறைகளைக் கேட்டறிவது அவசியம்.

மின்னுவதெல்லாம் பொன்னல்ல. சாயம் அடுத்த ஆண்டுகூட பூசிக்கொள்ளலாம். பின் இருக்கையில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு முதலில் தேவை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும் கார்தான்.