வீட்டு மரங்களைக் காக்கும் முறைகள்
சித்தூர், திருப்பதி வட்டாரத்திற்குரிய குறிப்புகள்

திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையில் விஜயநகர மன்னர் காலத்து ராஜ மகால் மூன்று அடுக்குகளுடன் நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றால் எழுப்பப்பெற்ற அம்மாளிகையின் கட்டுமானத்தில் மரம் பயன்படுத்தப்படவில்லை. சாதாரணக் குடும்பங்களுக்கு இத்தகைய வசதி இல்லை. ஓட்டு வீட்டிற்குப் பனங்கைகளும் சட்டங்களும் வேண்டும். பழைய மாடி வீடுகளைத் தேக்கு உத்திரங்கள் தாங்குகின்றன. எவ்வகை வீடாயினும் நிலையும் கதவும் பெரும்பாலும் மரமே. இம்மரம் கெட்டால் கூரையின் கீழ் வாழ்வோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே மரம் கெடும் காரணங்களையும் அதனைக் காக்கும் வழிகளையும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் நலம்.

மரம் ஏன் கெடுகிறது?

மரத்தை அழிப்பவை மூன்று: காளான், கறையான், உளு வண்டு.

காளான் வளர்வதற்கு உணவு, காற்று, வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் தேவை. மரமே அதற்கு உணவு. காற்றையும் வெப்பத்தையும் நாம் விலக்க இயலாது. ஈரம் ஒன்றே நம் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைவாக ஈரம் இருக்குமாயின் மரம் இற்றுப்போவதில்லை. இவ்வட்டாரத்தில் கோடையின் கடும் வெயிலால் மரத்தில் வெடிப்புகள் உண்டாகின்றன. தென்மேற்குப் பருவத்திலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் பெய்யும் மழைநீர் அவ்வெடிப்புகளின் வழியே உட்புகுந்து தங்குகிறது.

கட்டடங்களைத் தாக்கும் கறையான்களுட் பல மண்ணினுள் வாழ்பவை. வெளிச்சத்தையும் உலர்ந்த காற்றையும் அவை தாங்கமாட்டா. ஆதலின் சுவரின்மீது மண்குழாய் அமைத்து அதனுள்ளேயே ஏறி மரத்தை அடைகின்றன. அக்குழாய் தென்பட்டால் கீழே மண்ணில் அவற்றின் கூட்டம் உண்டு என்பது பொருள். குழாயைத் துடைத்தெறிந்தால் மட்டும் போதாது. சில நாட்களில் அது மீண்டும் எழும்.

உளு வண்டின் புழுக்கள் மரத்தின் வெளிறிலுள்ள மாவுப்பொருளை நாடுபவை. சிறு துளைகளும் அவற்றின் கீழ் உதிர்ந்து கிடக்கும் மாவு போன்ற தூளும் இதன் அடையாளங்கள்.

வைரமும் வெளிறும்

மரத்தின் நடுப்பகுதி வைரம், புறப்பகுதி வெளிறு. வைரத்தில் பூச்சிகளுக்கு ஒவ்வாத இயற்கைப் பொருள்கள் சேர்ந்திருப்பதால் தேக்கு முதலியவற்றின் வைரம் நெடுநாள் உழைக்கிறது. தேக்கே ஆயினும் அதன் வெளிறு விரைவில் கெடும். சேஷாசலம் மலைகளில் வளரும் செம்மரத்தின் வைரம் நீரில் மூழ்குமளவு கனமும் உறுதியும் வாய்ந்தது. இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம். உரிய அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றமாகும். எனவே வேம்பு, பனை முதலிய மரங்களைத் தக்கவாறு காத்துப் பயன்படுத்துவதே நாம் கூறவேண்டிய வழி.

கட்டும்பொழுது கவனிக்க வேண்டியவை

நார்வே நாட்டில் ஊர்னெஸ் என்னுமிடத்திலுள்ள மரக்கோயில் 12-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அந்நாட்டில் அதற்கு முன்னர், தூண்களை மண்ணில் நட்டுக் கட்டிய கோயில்கள் அடி இற்று அழிந்தன. ஊர்னெஸ் கோயிலின் அடிச்சட்டங்கள் கல்லின்மீது அமைந்தமையால் அது இன்றும் நிலைத்துள்ளது. இதே விதி நமக்கும் பொருந்தும்.

1. தூணையும் நிலைக்காலையும் மண்ணில் புதைக்காமல் கல்லின்மீது நிறுத்துக.
2. இறவாரத்தை நன்கு வெளியே நீட்டுக. சுவரோரம் நீர் தேங்க விடாதீர்.
3. மரத்தின் வெட்டுமுனை பக்கங்களைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். முனைகளுக்குத் தவறாது வர்ணம் பூசுக.
4. சுவரினுள் செல்லும் உத்திர முனையைச் சுற்றிக் காற்றுக்குச் சிறிது இடைவெளி விடுக.
5. ஈரமரத்தின்மீது வர்ணம் பூசலாகாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் அடைபட்டுவிடும்.

மருந்துகள்

1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்னும் இந்திய விஞ்ஞானி செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைக் கலந்த ‘ஆஸ்கு’ என்னும் மருந்தைக் கண்டார். அது மரத்தினுள் ஊறியபின் மழையில் எளிதில் கரைந்து போவதில்லை. இம்முறை உலகெங்கும் பரவியது. எனினும் ஆர்சனிக் கொடிய நஞ்சாதலால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு இறுதியுடன் பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அம்மருந்திட்ட மரம் தயாரிப்பது நிறுத்தப்பட்டது. இம்மருந்து ஏற்றிய பழைய மரத்தை ஒருபோதும் அடுப்பில் எரிக்கலாகாது. அதன் புகையும் சாம்பலும் நஞ்சாகும்.

வீட்டினுள் மழைபடாத மரத்திற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் ஏற்றது. இது நீரில் கரைந்துவிடுமாதலால் வெளிப்புற மரத்திற்கு உதவாது. முற்காலத்தில் கறையானுக்காக மண்ணில் ஊற்றிய ஆல்ட்ரின், குளோர்டேன் ஆகியவை இந்தியாவில் தடைசெய்யப்பட்டவை. பழைய கையிருப்பு எங்கேனும் காணப்பட்டால் அதனைப் பயன்படுத்தாது அதிகாரிகளிடம் தெரிவித்தல் வேண்டும். மண்ணுக்கு மருந்திடும் பணியைப் பயிற்சி பெற்றோரிடமே விடுக. கிணற்றருகே மருந்து ஊற்றலாகாது.

ஆண்டுச் சோதனை

மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முறை வீட்டையும் பள்ளிக் கட்டடத்தையும் சோதிக்கவேண்டும். சிறு சுத்தியலால் உத்திரத்தைத் தட்டுக. உள்ளீடற்ற ஓசை எழுந்தால் ஐயம் கொள்க. குத்தூசியால் மரத்தைக் குத்துக. எளிதில் இறங்கினால் அவ்விடம் இற்றுள்ளது. சுவர்மீது மண்குழாய், தரையில் தூள், ஓட்டின் கீழ் ஈரக்கறை ஆகியவற்றைக் குறித்துவைக்க. உத்திரமோ கைமரமோ இற்றிருப்பின் மருந்து பூசிக் காலம் கடத்தாமல், முட்டுக் கொடுத்து, ஆட்களை அப்புறப்படுத்தி, உடனே மாற்றுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

ஈரத்தின் அளவை மாணவருக்கு எளிதில் காட்டலாம். ஒரு சிறு மரத்துண்டை எடையிடுக. பின்னர் 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அடுப்பில், எடை மேலும் குறையாத நிலைவரை உலர்த்தி மீண்டும் எடையிடுக. முதலில் 60 கிராமும் பின்னர் 50 கிராமும் இருந்தால், இழந்த ஈரம் 10 கிராம். அஃதாவது உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்கு. ஓடு ஒழுகும் இடத்திலிருந்து ஒரு துண்டும், உலர்ந்த இடத்திலிருந்து ஒரு துண்டும் எடுத்து இவ்வாறு ஒப்பிட்டால், ஒழுகும் ஓட்டை ஏன் அன்றே மாற்றவேண்டும் என்பதை மாணவரே கண்டுகொள்வர்.