சீட் போஸ்டுக்கு கிரீஸ் போடலாமா, கூடாதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்தது. ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல கார்பன் ஃப்ரேம் சைக்கிள் வாங்கியிருக்கார். சர்வீஸுக்கு விட்ட கடையில, "சீட் போஸ்ட்ல கிரீஸ் தடவிடுங்க தம்பி, இல்லன்னா உள்ளேயே புடிச்சிக்கும்"னு சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை கூட ஓட்டுற நண்பர்களோ, "கார்பன்ல கிரீஸா? உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கேட்டிருக்காங்க. "அண்ணா, நான் யார் பேச்சைக் கேக்கிறது?" இதுதான் அவர் கேள்வி.

ரெண்டு பேர் சொல்றதும் பாதி சரி. எந்தப் பாதி சரின்னு தெரியாம ஒரு பக்கம் சாய்ஞ்சா காசு போகும், சில சமயம் பல்லும் போகும். நான் காசு விட்டவன். அதனால அங்கிருந்தே தொடங்குறேன்.

என் கதை: கிரீஸ் போட்டவன்

நான் சைக்கிள் வேலை கத்துக்கிட்டது எங்க தெருமுனைக் கடையில, அப்பாவோட இரும்பு சைக்கிளை வச்சு. அங்க எதைக் கழட்டினாலும் கிரீஸ் தடவாம திரும்ப மாட்ட மாட்டாங்க. அந்தப் பழக்கத்தோட என் முதல் கார்பன் சைக்கிளுக்கும் சீட் போஸ்டைச் சுத்தி நல்லா தாராளமா கிரீஸ் தடவி, உள்ளே இறக்கி, போல்ட்டை முடுக்கிட்டேன்.

மறுநாள் திருவான்மியூர்ல இருந்து மாமல்லபுரம். திரும்பி வரும்போது முட்டி முன்பக்கம் வலி. வயசாகிடுச்சு போலன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தா சீட் ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருக்கு. சீட் தாழ்ந்தா முட்டி அதிகமா மடங்கும், முன்பக்கம் வலிக்கும். அதுதான் நடந்திருக்கு.

சரின்னு இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். அடுத்த வாரமும் இறங்கியது. இந்தத் தடவை நீளமான அலென் கீ எடுத்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு முடுக்கினேன். "டிக்"னு ஒரு சின்னச் சத்தம். க்ளாம்புக்குக் கீழே தலைமுடி மாதிரி ஒரு கோடு. பெயிண்ட்தான் விரிஞ்சிருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டு மூணு நாள் ஓட்டினேன். அதுதான் இதுல நான் பண்ணின பெரிய முட்டாள்தனம். கார்பன் ரிப்பேர் பண்றவர் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார்: விரிசல் உள்ளே வரைக்கும் போயிருந்தது. மேடு பள்ளத்துல நான் உக்காந்திருக்கும்போது அது முறிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவர் சொல்லலை. சொல்லத் தேவையும் இல்லை. ரிப்பேர் செலவு என் ஒரு மாச வாடகையை விட அதிகம்.

நண்பன் கதை: எதுவுமே போடாதவன்

என் நண்பன் இதுக்கு நேரெதிர். அவனோடதும் கார்பன் ஃப்ரேம், ஆனா சீட் போஸ்ட் அலுமினியம். "கார்பன்ல எதையும் தடவக் கூடாது"ன்னு யாரோ சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு உலர்வாகவே மாட்டினான். ரெண்டு வருஷம் கழட்டவே இல்லை. பாதி நாள் கடற்கரைக் காத்துல, மீதி நாள் வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல வேர்வை சொட்டச் சொட்ட ஓட்டினான். தங்கச்சிக்குக் கொடுக்கலாம்னு சீட்டை இறக்கப் போனா அசையவே இல்லை. ஒருத்தர் ஃப்ரேமைப் பிடிக்க, ஒருத்தர் சீட்டைத் திருக, ஒண்ணும் நடக்கலை. கடைசியில போஸ்டை அறுத்துத்தான் எடுத்தாங்க. வெளியே வந்த துண்டு முழுக்க உப்பு பூத்த மாதிரி வெள்ளைத் தூள்.

கிரீஸ் போட்டதால எனக்கு உடைஞ்சது. எதுவும் போடாததால அவனுக்கு இறுகிப்போச்சு. அப்போ எதுதான் சரி?

கிரீஸ் செய்யற வேலைகள்

கிரீஸுக்கு இங்க ரெண்டு வேலை. ஒண்ணு, ரெண்டு பரப்புக்கும் நடுவுல உராய்வைக் குறைக்கிறது. இன்னொண்ணு, தண்ணியும் உப்பும் உள்ளே போகாம மறைக்கிறது. பேரிங்ல ரெண்டும் வேணும். சீட் போஸ்ட்ல ரெண்டாவது வேணும், முதலாவது வேணாம்.

யோசிச்சுப் பாருங்க. உங்க எடை முழுக்க அந்தக் குழாய் மேல இருக்கு. அது கீழே போகாம பிடிச்சு நிக்கிறது க்ளாம்ப் கொடுக்கிற உராய்வு மட்டும்தான். கீழே முட்டுக்கொடுக்க ஒண்ணும் கிடையாது. இரும்பு ஃப்ரேம்ல கிரீஸ் போட்டாலும் கவலை இல்லை, ஏன்னா இறுக்கி முடுக்கி அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். உலோகம் லேசா வளைஞ்சு கொடுக்கும். கார்பன் அப்படி இல்லை. நார் ஓடுற திசையில இழுத்தா அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஒரே இடத்துல நசுக்கினா வளையாது, விரிசல் விடும்.

ஆக, என் ஃப்ரேமை உடைச்சது நேரடியா கிரீஸ் இல்லை. கிரீஸ் வழுக்கியது, வழுக்கினதால நான் அதிகமா முடுக்கினேன், அந்த முடுக்கல்தான் உடைச்சது. "கிரீஸ் பட்டா கார்பன் ஊறி அழுகிடும்"னு சிலர் சொல்றாங்க. அப்படின்னா ஹேண்டில்பார் திரும்புற பேரிங்கும் அதே கார்பன் ஃப்ரேமுக்குள்ளதான் கிரீஸோட உக்காந்திருக்கு, அது அழுகலையே? பிரச்சினை வழுக்கல்தான்.

அலுமினியம் ஏன் இறுகுது?

இது பள்ளிக்கூட வேதியியல்தான். கார்பன் நார் மின்சாரம் கடத்தும். ரெண்டு வேற வேற பொருள், ரெண்டும் மின்சாரம் கடத்துற ஜாதி, நடுவுல உப்புத்தண்ணி. இது போதும், ஒரு சின்ன பேட்டரி தயார். இந்த ஜோடியில அரிக்கப்படுறது எப்பவும் அலுமினியம்தான். அரிச்சு வர்ற அலுமினியம் ஆக்சைடு, மூல உலோகத்தை விட அதிக இடம் பிடிக்கும். சீட் குழாய்க்குள்ள இடம் ஏது? அதனால ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். உப்புத்தண்ணிக்கு நாம எங்கேயும் போக வேணாம், நம்ம வேர்வையே போதும். கடலோர ஊர்னா கேக்கவே வேணாம்.

இது சைக்கிளுக்கு மட்டும் வர்ற தொல்லை இல்லை. போயிங் 787 விமானத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி கார்பன் மாதிரியான கலவைப் பொருள்தான். அதுல கார்பனைத் தொடுற பல இடங்கள்ல அலுமினியத்துக்குப் பதிலா விலை கூடின டைட்டானியம் வச்சதுக்கு இந்த அரிப்பும் ஒரு காரணம்.

நடுவழி: கார்பன் பேஸ்ட்

வழுக்கு மரம் ஏறுறதைப் பார்த்திருப்பீங்க. மரம் முழுக்க எண்ணெய் தடவி வச்சிருப்பாங்க. ஏறுறவங்க என்ன பண்ணுவாங்க? மண்ணையோ சாம்பலையோ கையில தேய்ச்சுக்கிட்டு ஏறுவாங்க. கிரீஸ்ங்கிறது அந்த எண்ணெய். கார்பன் பேஸ்ட்ங்கிறது அந்த மண்.

ஒரு பசைக்குள்ள பொடிப் பொடியான துகள்களைக் கலந்து வச்சதுதான் இந்த பேஸ்ட். விரல்ல தேய்ச்சா நைஸ் மணல் மாதிரி நெருடும். முடுக்கும்போது துகள்கள் ரெண்டு பரப்பையும் கவ்விக்கும். அதனால குறைவான முடுக்கிலேயே போஸ்ட் நிக்கும். கூடவே அந்தப் பசை தண்ணியை மறைக்கிற வேலையையும் ஓரளவு செய்யும். போஸ்ட்ல சின்னக் கீறல்கள் விழும். அது அழகுப் பிரச்சினை, பயப்பட வேணாம்.

எந்த ஜோடிக்கு எது?

கார்பன் ஃப்ரேம், கார்பன் போஸ்ட்: பேஸ்ட். கிரீஸ் வேண்டாம்.

கார்பன் ஃப்ரேம், அலுமினியம் போஸ்ட்: பேஸ்ட். உலர்வாக விடவே கூடாது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருமுறை கழட்டித் துடைச்சு மாட்டணும்.

உலோக ஃப்ரேம், கார்பன் போஸ்ட்: பேஸ்ட்.

உலோக ஃப்ரேம், உலோக போஸ்ட்: கிரீஸ். தெருமுனைக் கடைக்காரர் சொன்னது இங்க நூத்துக்கு நூறு சரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில பழைய கார்பன் ஃப்ரேம்கள்ல சீட் குழாய்க்குள்ள அலுமினியக் குழல் ஒட்டியிருப்பாங்க. டார்ச் அடிச்சுப் பார்த்தா தெரியும். அதுல அலுமினியம் போஸ்ட்னா உலோகமும் உலோகமும் கணக்கு. உங்க ஃப்ரேம் கம்பெனி மேனுவல் வேற மாதிரி சொன்னா, என்னை விட்டுட்டு அதைக் கேளுங்க.

மாட்டுற முறை

முதல்ல பழைய உயரத்தை இன்சுலேஷன் டேப் சுத்தி அடையாளம் வச்சுக்கோங்க. போஸ்டைக் கழட்டி, குழாயோட உள்பக்கம், போஸ்ட், ரெண்டையும் சுத்தமான துணியால துடைங்க. ஏற்கெனவே கிரீஸ் போட்டிருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியில கறை வராத வரைக்கும் துடைக்கணும். மண்ணெண்ணெய் வேணாம், அதுவே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுட்டுப் போகும்.

உள்ளே போற பகுதி முழுக்க மெல்லிசா பேஸ்ட் தடவி இறக்குங்க. போஸ்ட்ல குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பாங்க, அது வெளியே தெரியவே கூடாது.

அப்புறம் முக்கியமானது, டார்க் ரெஞ்ச். க்ளாம்ப் மேலயோ ஃப்ரேம்லயோ ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி. எவ்வளவு தெரியுமா? 10 சென்டிமீட்டர் நீள அலென் கீ முனையில 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு. அவ்வளவேதான். என் கை அன்னிக்கு எவ்வளவு போட்டிருக்கும்னு இப்போ நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. அந்த எண் உச்ச வரம்பு. அதுக்கும் கீழே தொடங்கி, போஸ்ட் திரும்பாம நிக்கிற அளவுக்கு வந்ததும் நிறுத்திடுங்க.

கிரீஸ் டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மேனுவல் மறுக்காத வரைக்கும், க்ளாம்ப் போல்ட்டோட மரையில ஒரு துளி போடுங்க. மரை காஞ்சிருந்தா உங்க முடுக்கு பாதி மரையை உரசுறதுலயே வீணாகும், ரெஞ்ச் காட்டுற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

ஏற்கெனவே இறுகிடுச்சா? தீ காட்டாதீங்க, பைப் ரெஞ்ச் போடாதீங்க. அலுமினியம் குளிர்ந்தா சுருங்கும், கார்பன் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால சூடாக்குறதை விட போஸ்டைக் குளிர வைக்கிறது பலன் தரும். துரு இளக்குற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி பொறுத்துப் பார்க்கலாம். அப்பவும் அசையலைன்னா கார்பன் வேலை தெரிஞ்சவர்கிட்ட கொடுத்துடுங்க.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு: கடைக்காரர் "புடிச்சிக்கும்"னு பயந்தது நியாயம், நண்பர்கள் "கிரீஸ் கூடாது"ன்னதும் நியாயம். உங்க போஸ்ட் அலுமினியமா கார்பனான்னு முதல்ல பாருங்க. எதுவா இருந்தாலும் இன்னிக்கே ஒருமுறை கழட்டிப் பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, முன்னாடி இருந்தவர் எப்படி முடுக்கினார்னு உங்களுக்குத் தெரியாது. க்ளாம்புக்குக் கீழே டார்ச் அடிச்சு, நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டுற மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா, பெயிண்ட்தான்னு என்னை மாதிரி சமாதானம் சொல்லிக்காதீங்க. காட்டிட்டு அப்புறம் ஓட்டுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.